முந்நூற்று நாற்பத்தொரு நாள் விபத்தில்லை

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
15-10-1993

என்றும் என் அன்புக்குரிய மருமகன் அம்பிகைபாகனுக்கு, மாமா ஐயாத்துரை ஆசி கூறி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மாமி கமலாம்பிகையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க எல்லாம் வல்லவன் துணை நிற்பானாக. ஈப்போவில் உன் அம்மா யோகம்மாவும் சுகமே. போன கிழமை டெலிபோனில் அரை மணி நேரம் உன் பெருமையைப் பேசினாள். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பங்குதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

லக்சம்பர்க்கிலிருந்து நீ எழுதிய கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகளிலும் தொழிலாளிகள் காலையில் கொண்டுபோன கைகால்களோடு மாலையில் வீடு திரும்புவதற்கு ஒரே மாதிரியான விதிகள் கொண்டுவர உங்கள் அலுவலகம் படும் பாட்டை விவரமாக எழுதியிருந்தாய். ஒரு நாட்டில் மூன்று நாள் படுத்தால்தான் அது விபத்தாம், இன்னொரு நாட்டில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விபத்தாம், வேறொரு நாட்டில் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து விழுந்தாலும் அது விபத்தாம். இதில் விசித்திரம் என்னவென்றால் இன்ஸ்பெக்டர்கள் நிறைந்த பணக்கார நாட்டில் விபத்து மலைபோல் குவிந்திருக்கிறது, இன்ஸ்பெக்டரே இல்லாத நாட்டில் விபத்தே இல்லை, ஆகவே பணக்கார நாட்டுக்காரர்களை அங்கே அனுப்பிப் பாடம் படிக்கச் சொல்லலாமா என்று ஒரு பெரிய அதிகாரி யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த பக்கத்தில் எங்கள் தொழிற்சாலை இருந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, உங்கள் மாக் மண்டின் தொழிற்சாலையின் ஐரோப்பிய முதலாளிகள் இங்கே ஒரு மாநாட்டில், முந்நூறு நாளுக்கு மேல் அங்கே ஒரு விபத்துகூட இல்லை என்று அறிவித்தார்கள். பாதுகாப்புக் குழுச் செயலாளர் என்று உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தில் அதை முன்மாதிரியாகச் சேர்த்திருக்கிறேன். உங்கள் பலகை முறையைப் பன்னிரண்டு நாடுகளும் பின்பற்றவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது" என்று நீ எழுதியிருந்ததை நான் நான்கு முறை படித்தேன். தம்பி, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. இந்தக் கடிதம் முழுவதும் அதற்குத்தான். டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் முப்பத்துநாலு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் அதை எழுத்தில் செய்துதான் பழக்கம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் அலமாரிக் கதவுகளுக்கான கீல் செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். எண்பது பேர் வேலை செய்கிறார்கள். நான் தலைமைக் குமாஸ்தா. பாதுகாப்புக் குழுவுக்கும் என்னைச் செயலாளராக்கினார்கள். பாதுகாப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கூட்டத்தில் நடந்ததை நடக்காததுபோல் அழகாக எழுதத் தெரியும், அதுதான் தகுதி. போன வருடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய பச்சைப் பலகை வந்தது. "விபத்தில்லா நாட்கள்" என்று மூன்று மொழியில் எழுதி, கீழே எண்களை மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். தினம் ஒரு எண் கூடவேண்டும், யாருக்காவது அடிபட்டால் மறுபடி சுழியம். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். முந்நூற்று அறுபத்தைந்து நாள் தொட்டால் எல்லாத் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தோடு பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் விருந்து, சமையல் சீனி முகம்மது என்று அறிவித்துவிட்டார். சீனி முகம்மதுவின் நெய்ச்சோற்றையும் ஆட்டிறைச்சிக் குருமாவையும் பற்றி, சைவக்காரனான எனக்கே இவ்வளவு தெரியும் என்றால் மற்றவர்கள் நிலையை நீயே யோசித்துக்கொள். அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் அடிபடவே இல்லை.

நானும் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். தினமும் காலையில் படகு ஏறிக் கடலைத் தாண்டி மாக் மண்டினுக்குப் போய், விபத்துப் புத்தகத்தைத் திறந்து, வெற்றுப் பக்கத்தைப் பார்த்து, தேதி போட்டுக் கையொப்பமிட்டு மூடிவைப்பேன். அந்த வெள்ளைத் தாளைப் பார்க்கும்போது ஒரு நிறைவு, தம்பி, புதிதாக வெள்ளையடித்த வீட்டைப் பார்ப்பதுபோல. உன் கடிதம் வந்த அன்று, ஐரோப்பாவே படிக்கப்போகிற விஷயமாயிற்றே, எதற்கும் ஒருமுறை சரிபார்ப்போம் என்று உட்கார்ந்தேன். விபத்துப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில், அதே தட்டில், லீவு விண்ணப்பங்கள் இருக்கின்றன. இரண்டையும் கோப்பில் சேர்ப்பவன் நான்தான். புத்தகம் மெலிந்து கிடக்கிறது, லீவுக் கோப்பு கர்ப்பிணிபோல் நிற்கிறது. என் கையால் ஒவ்வொன்றாகத் துளைபோட்டுச் சேர்த்தவற்றை முதல் முறையாக வரிசையாகப் படித்தேன்.

கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. அம்மிக் குழவி காலில் விழுந்தது. தேங்காய் துருவி கையைக் கிழித்தது. தண்ணீர்த் தொட்டி மூடி மணிக்கட்டில் விழுந்தது. மறுபடி அம்மி. மறுபடி கதவு. அந்தக் கோப்பை நம்பினால், பாகான் டாலாமிலிருந்து மாக் மண்டின் வரை எங்கள் ஆட்களின் வீட்டுச் சமையலறைகள்தான் உலகத்திலேயே மிக ஆபத்தான இடம், எங்கள் தொழிற்சாலை ஆசிரமம். ஸ்டோர் கீப்பர் தம்பு உள்ளங்காலில் தீப்புண் என்று எழுதி, தீமிதியில் நேர்த்திக்கடன் என்று காரணம் கொடுத்திருக்கிறார். தம்பு கோயிலுக்கு வருவது பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் மட்டுமே என்பது ஊரறிந்த விஷயம். அதையும் நான் துளைபோட்டுச் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஃபோர்மன் பஷீருடைய விண்ணப்பம் இருந்தது, அவனைக் கூப்பிட்டேன்.

"பஷீர், மார்ச் மாசம் பாலேக் பூலாவு தோட்டத்துல உன் தோள்ல டுரியான் விழுந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கே."

"ஆமா ஐயா. பெரிய பழம்."

"மார்ச்சுல ஏதுடா டுரியான்? சீசன் ஜூன்லதானே?"

பஷீர் மேலே மின்விசிறியைப் பார்த்தான், கீழே என் செருப்பைப் பார்த்தான். "அதான் ஐயா, சீசன் இல்லாத நேரத்துல விழுந்ததால நான் எதிர்பாக்கல."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடப் பழக்கம், எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பான்? கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "ஐயா, நாலாம் நம்பர் மெஷின் கம்பி வந்து அடிச்சுச்சு. ஆனா அன்னிக்குப் போர்டுல நூத்தி நாப்பது. நான் வாயத் தொறந்தா ஸீரோ. எம்பது குடும்பத்தோட மக்கான், அந்த விருந்துச் சாப்பாடு, பஷீராலதான் போச்சுன்னு எனக்குப் பேர் வேணுமா லா? என் பொண்டாட்டியே பேசமாட்டா. அவ அந்த விருந்துக்குச் சேலை எடுத்து வெச்சிட்டா ஐயா."

"அப்போ மத்தவங்க?"

"மத்தவங்களும் அப்படித்தான். யாருக்கு என்ன காரணம்னு கேண்டீன்ல உக்காந்து பேசித்தான் எழுதுவோம். ஒரே வாரத்துல ரெண்டு அம்மி வந்துடக்கூடாதுன்னு பாத்துக்குவோம்."

பாதுகாப்புக் குழுவைவிட ஒழுங்காக ஒரு குழு எங்கள் கேண்டீனில் நடந்திருக்கிறது தம்பி, மினிட்ஸ்தான் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பஷீர் அந்த நாலாம் நம்பரைச் சொன்னானே, அது மனதில் மாட்டிக்கொண்டது. யார் எந்த நாளில் எந்த இயந்திரத்தில் நின்றார்கள் என்ற பட்டியலும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் லீவுக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் இருபத்தேழு முறை ஆட்கள் வீட்டில் அடிபட்டிருக்கிறார்கள், அதில் பதினாறு முறை அடிபட்டவர்கள் அதற்கு முந்தைய நாள் நாலாம் நம்பரில் வேலை செய்தவர்கள். அது தகட்டை அழுத்தி வளைக்கும் இயந்திரம். கையை எடுத்த பிறகு இறங்கவேண்டிய தலை, சில நேரம் கையை எடுக்குமுன்பே இறங்கிவிடுமாம். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் மிஸ்டர் லிம்முக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும்தான் தெரியாது. தினமும் காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவர் நாலாம் நம்பரில் நிற்பாராம், மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கறி பஃப் வாங்கிக் கொடுப்பார்களாம். அந்த மெஷினை ஏன் பழுதுபார்க்கவில்லை? என் புத்தகத்தின்படி அது யாரையும் தொட்டதே இல்லை, எதற்குப் பழுதுபார்ப்பது? தம்பி, அந்த வெள்ளைத் தாளில் தினமும் கையொப்பமிட்டது நான். வெட்கமாக இருந்தது.

அக்டோபர் நாலாம் தேதி, திங்கட்கிழமை, பலகையில் முந்நூற்று நாற்பத்தொன்று. விருந்துக்கு இருபத்துநாலு நாள் பாக்கி. தேநீர் இடைவேளையில் கேண்டீனில் எல்லோரையும் நிறுத்தி, விபத்துப் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்து, "இந்த எண்ணைப் பாத்து ஐரோப்பாவுல பன்னிரண்டு நாட்டுல இதே மாதிரி போர்டு மாட்டப்போறாங்க. அங்கேயும் ஒரு நாலாம் நம்பர் இருக்கும். அங்கேயும் யாராவது விரலை மறைப்பாங்க. நீங்க சொன்னா எழுதுறேன். சொல்லலேன்னா நான் இந்தப் புத்தகத்துல இனி கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். மினிட்ஸ் எழுதுபவன் பேசினால் யார் கேட்பார்கள்? தம்பு சுவரில் இருந்த பல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பஷீர் தன் மனைவியின் சேலையை நினைத்துக்கொண்டிருந்திருப்பான். அப்போது பின்னாலிருந்து ரோஹானா வந்தாள். அவளுக்குத் தகப்பன் வழியில் தமிழ், தாய் வழியில் மலாய், அதிகம் பேசாத பெண். இடது கைச் சுண்டுவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஐயா, இந்த நகம் மூணு தடவ முளைச்சிருச்சு. நாலாவது தடவ முளைக்குமான்னு எனக்குத் தெரியல. எழுதுங்க லா. கதவு இல்ல. நாலாம் நம்பர்."

எழுதினேன். அவளுக்குப் பின்னால் பஷீர் வந்து நின்றான். பிறகு ஒரு வரிசை, தம்பி, படகுத் துறையில்கூட அப்படி ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. தம்பு கடைசியாக வந்து, தீமிதி உண்மையில் செருப்புக்குள் விழுந்த சூடான இரும்புத் துண்டு என்று ஒப்புக்கொண்டு, இதைக் கோயிலில் யாரிடமும் சொல்லவேண்டாம், அங்கே இப்போதுதான் தன் பக்திக்கு மரியாதை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். இருபத்தேழு பதிவு. பலகையில் இருந்த மூன்றையும் நாலையும் ஒன்றையும் கழற்றிவிட்டு ஒற்றைச் சுழியத்தை மாட்டினோம். அன்று மத்தியானமே நாலாம் நம்பரை நிறுத்தி உள்ளே பார்த்தார்கள். தேய்ந்துபோன ஒரு ஸ்ப்ரிங், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று. ரோஹானா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர்கள் மூடியை முடுக்கிய பிறகுதான் போனாள்.

மிஸ்டர் லிம்மிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை, மறுபடியும் ஒரு நல்ல எண்ணம் வந்துவிட்டது அவருக்கு. மறைத்தால் விருந்து என்று ஆகிவிட்டதல்லவா, இனிமேல் ஆபத்தை யார் அதிகமாக எழுதிக் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் விருந்தில் முதல் பந்தி என்று அறிவித்துவிட்டார். நாலே நாளில் தொண்ணூற்றுநாலு கடிதம் வந்து குவிந்தது. கேண்டீன் தேநீர் நாக்கைச் சுடுகிறது. வாசல் கேட் அருகே பூனை முறைத்துப் பார்க்கிறது. கொசு. மழை வரும்போல் இருக்கிறது. ஸ்டோரில் தம்பு பாடுவதால் காது வலிக்கிறது என்று ஒன்பது கடிதம், அதில் இரண்டு தம்புவின் கையெழுத்திலேயே இருந்தன, மனிதர் முதல் பந்திக்காக எதையும் ஒப்புக்கொள்வார். உங்கள் பணக்கார நாட்டில் ஏன் விபத்து குவிகிறது என்பதில் பாதி எனக்கு அன்று விளங்கியது. கடைசியில் நான் மிஸ்டர் லிம்முக்கு நேராகவே சொன்னேன்: விருந்து போடவேண்டும் என்று ஆசையாக இருந்தால் விருந்து போடுங்கள், அதை எந்த எண்ணோடும் முடிச்சுப் போடாதீர்கள். கேட்டுக்கொண்டார். தீபாவளிக்கு முன், இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் விருந்து. பஷீர் மனைவியின் சேலை தப்பித்தது. எனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் தனிப் பாத்திரத்தில் வரும் என்று சீனி முகம்மது வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே தம்பி, நாற்பத்தேழாம் பக்கத்தைக் கிழித்துப் போடு. அதற்குப் பதிலாக ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால் இதை எழுது: பன்னிரண்டு நாடுகளில் எந்த நாட்டில் விபத்தே இல்லையோ, அந்த நாட்டின் லீவுக் கோப்பை வாங்கிப் படியுங்கள். இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தால், எங்கள் பலகையில் இன்று பதினொன்று என்று இருப்பதையும் சேர்த்துக்கொள். முந்நூற்று நாற்பத்தொன்றோடு பார்த்தால் பதினொன்று அற்ப எண்தான். ஆனால் இதில் கலப்படம் கிடையாது. இந்தப் பதினொரு நாளில் மாக் மண்டினில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு. மனிதர்களைப் பயமில்லாமல் உண்மை சொல்ல விட்டால் சொல்லிவிடுகிறார்கள், இதுதான் என் முப்பத்துநாலு வருட அனுபவத்தில் நான் கடைசியாகக் கற்றது. உங்கள் பெரிய அதிகாரிக்கும் இதை என் வணக்கத்தோடு சொல்.

உன் கைகள் எடுத்த காரியமெல்லாம் துலங்கட்டும். மருமகள் மனம் நிறைந்திருக்கட்டும். வீட்டில் தொட்டில் ஆடும் செய்தி சீக்கிரம் எங்கள் காதில் விழட்டும். யோகம்மாவுக்கு மாதம் ஒரு கடிதமாவது போடு.

இப்படிக்கு,
உன் நலனில் என்றும் கருத்துள்ள மாமா,
ஐயாத்துரை

பி.கு.: தம்பி, இது மாமி எழுதுவது. மேலே உள்ளதையும் நான்தான் எழுதினேன், எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். மாமா சொல்லச் சொல்ல ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன், கையெழுத்தையும் நானே போட்டேன். அவரால் பேனா பிடிக்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை பலகையில் ஏழைக் கழற்றி எட்டை மாட்டுவதற்காக நாற்காலியில் ஏறியிருக்கிறார். கொக்கி கழன்று பலகை முழுதாக அவர் வலது கையில் இறங்கிவிட்டது. இரண்டு விரலில் முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, நான் ஊட்டிவிடுகிறேன், அதில் அவருக்கு இஷ்டம்தான். கிளினிக்கில் டாக்டரிடம் என் அம்மிக் குழவி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் படகுக் கதவு என்றார். நேற்றுப் பஷீர் டெலிபோனில், "அக்கா, ஐயா கை எப்படியிருக்கு? எட்டு நாள் ஓடுன போர்டாச்சே, யாருக்கும் சொல்லாதேன்னாரு, உங்ககிட்டயாவது சொன்னாரா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். மாமாவிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு நாள் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னார், வைத்தேன். இப்போது கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார், அதற்குள் இதை எழுதி ஒட்டிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் பதினொன்று என்று போடாதே, செவ்வாயிலிருந்து எண்ணி மூன்று என்று போடு. நாளைக்குப் பஷீர் இங்கே வீட்டுக்கு வருகிறான், விபத்துப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாமா சொல்லாவிட்டாலும் நான் எழுதிவிடுவேன்.